நாலாவது கோடு

இரும்புலியூர்
18.1.1993

திரு. அரிகிருஷ்ணனுக்கு,

எங்கள் வீட்டில் கடிதம் என்றால் ‘கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்’ என்றுதான் தொடங்கும். உங்களுக்கு அதை எழுத மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். பஸ் ஏறினால் குரோம்பேட்டை ஒன்றும் தூரமில்லை. ஆனால் வந்தால் உங்கள் வாசலில் நின்று கத்திவிடுவேன். அசிங்கம் எனக்குத்தான். அதனால் தபால்.

கார்ட்டூன் படம் பார்க்கிற பெரியவர்கள் என்றால் ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவே நாம் இரண்டு பேரும் சேர்ந்து மன்றம் வைத்தோம். வருஷா வருஷம் பொங்கல் லீவில் தாம்பரத்தில் கல்யாண மண்டபம் பிடித்து மாநாடு நடத்தினோம். தீவுத்திடல் ராட்டினத்தின் சரித்திரம் தொடங்கி, ஆரஞ்சுத் தோப்பை வெட்டி அமெரிக்காக்காரன் பூங்கா கட்டின கதை வரைக்கும் பேச்சு வைத்தோம். ஒரு அமர்வையும் நான் தவறவிட்டதில்லை. நேற்றைய அமர்வுக்கு என் அப்பாவை வரச்சொல்லிக் கெஞ்சியதும் நான்தான். சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

ஐம்பத்தேழில் சினிமாவுக்கு முன்னால் ஓடிய பல்பொடி விளம்பரம், அதில் வந்த ‘துடுக்கு’ என்கிற அணில், அதை வரைந்தவர் என் அப்பா வேதசிரோமணி டிராயிங் மாஸ்டர். இது தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். நீங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் மூடின டெண்டுக் கொட்டகையில் அந்தப் படச்சுருளைத் தேடிப் பிடித்தீர்கள், நல்லது. திரையில் ‘சித்திரம்: சா. வேதசிரோமணி’ என்று விழுந்ததும் படத்தை நிறுத்தி, மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுபது தாண்டின மனுஷனிடம், “ஐயா, உங்க இனிஷியல் என்ன?” என்று கேட்டீர்களே. அவர் “ஞா” என்றார். “அப்ப இந்த சா யாரு?” என்றீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “இன்னா பெருசு, இனிஷியல் மாறிப்பூச்சா?” என்றான். மண்டபமே சிரித்தது. நம் ஊரில் ஒருத்தனிடம் இனிஷியல் கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அப்பா மேடையை விட்டு இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்து வந்திருக்கிறார்.

வண்டலூர் பக்கம் வரப்போகிற உங்கள் குதூகலபுரி பூங்காவில் துடுக்கு சிலை வைத்து, கீழே அப்பா பெயரைத் தகட்டில் பொறிப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டும். அடுத்த மாநாட்டில் அதே மைக்கில் மன்னிப்பும் வேண்டும்.

ஞானஜோதி

•

உ

குரோம்பேட்டை
22.1.1993

ஞானஜோதி டீச்சருக்கு,

நலம், நலமறிய அவா. பெரியவரின் செருப்பு மண்டப வாட்ச்மேனிடம் இருக்கிறது. கயிறு போட்டுக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் கேட்டது கேள்வி. பதில் இருந்தால் சொல்லியிருக்கலாம். சரித்திரத்துக்கு வயசு பார்க்கத் தெரியாது டீச்சர். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். போன வருஷம் ரோலர் கோஸ்டர் அமர்வில் நான் கட்டுரை படித்து முடித்ததும் எழுந்து, “இது அமெரிக்கப் பத்திரிகையில வந்ததோட மொழிபெயர்ப்புதானே சார்?” என்று மைக்கில் கேட்டீர்கள். என் பெண்டாட்டி, மாமனார், குதூகலபுரி முதலாளி எல்லாரும் முன்வரிசை. அன்றைக்கும் மண்டபம் சிரித்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

பூங்காவுக்கு நிலம் கொடுத்தது என் அப்பா ஜெயவேலு என்பதால் என்னை ஆலோசகராக வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் வெளியே பேசுவதும் காதுக்கு வந்தது. இருக்கட்டும். ஆலோசகன் என்கிற முறையில் சொல்கிறேன், ஆதாரம் இல்லாத பெயரைத் தகட்டில் போட முடியாது. பெரியவர்தான் வரைந்தார் என்றால் இன்னொரு தடவை வரைந்து காட்டட்டுமே. அணில்தானே. கை மறக்குமா?

அரிகிருஷ்ணன்

•

இரும்புலியூர்
20.2.1993

திரு. அரிகிருஷ்ணனுக்கு,

இத்துடன் துடுக்கு இருக்கிறது. அப்பா வரைந்தது. மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன், கண் இருந்தால் பாருங்கள்.

லேசில் வரையவில்லை. எனக்கு எவன்கிட்டேயும் பரீட்சை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று பென்சிலைத் தூக்கி எறிந்தார். சாப்பிடாமல் படுத்தார். நான் விடவில்லை. “அப்பா, வரைஞ்சு குடுங்க, அந்த ஆளு மூஞ்சியில விட்டெறியணும்” என்று பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் முந்தாநாள் ஜன்னல் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து வரைந்தார். கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, வயசு அப்படி. ஆனால் வாலைப் பாருங்கள், அந்தத் திமிரைப் பாருங்கள். ஸ்கூலில் நாற்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை அது.

இதைப் பார்த்த பிறகும் ‘சா யாரு’ என்று கேட்டால் நீங்கள் மனுஷனே இல்லை.

ஞானஜோதி

•

உ

குரோம்பேட்டை
2.3.1993

டீச்சருக்கு,

படம் வந்தது. அழகான அணில். பாடப்புத்தகத்து அணில்.

கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். படச்சுருளை ஒவ்வொரு பிரேமாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவர் வரைந்த அணிலின் முதுகில் மூன்று கோடு. படத்து துடுக்குக்கு முதல் பிரேமிலிருந்து கடைசி வரை நாலு கோடு. ராமர் மூன்று விரலால் தடவினார், மூன்று கோடு விழுந்தது என்று தெருவில் போகிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே ஒருத்தன் நாலு போட்டிருக்கிறான். அதைப் போட்டவனுக்குக் காலத்துக்கும் மறக்காது. உங்கள் அப்பாவுக்கு மறந்துவிட்டது. மறந்ததா, தெரியவே தெரியாதா என்று அவரையே கேளுங்கள்.

‘சா’வைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாமுவேலாக இருக்கலாம், சாமிதாஸாக இருக்கலாம். நாகர்கோவில் பக்கம் சாமுவேல் மகன் வேதசிரோமணி என்று ஒரு ஓவியர் இருந்து இளவயசிலேயே போய்விட்டதாகத் தகவல். பாவம், பெயர் ஒன்றாய்ப் போனதால் உங்கள் வீட்டில் அவன் அணில் வளர்ந்திருக்கிறது. அவனைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதப்போகிறேன்.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பூங்கா சிற்பி சிலைக்கு மாதிரிப் படம் கேட்டான், கொடுத்துவிட்டேன். உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதே?

அரிகிருஷ்ணன்

•

இரும்புலியூர்
9.8.1993

அரி சார்,

அஞ்சு மாசமாகப் பதில் எழுதவில்லை. நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். எனக்கே அப்படித்தான் இருந்தது.

போன வாரம் மழை. அப்பா கட்டிலுக்கு மாற்றுத் தலையணை உறை தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா எண்பத்தொன்றில் போனாள். அடியில் நான் சின்ன வயசில் தலை வைத்துப் படுத்த உறை இருந்தது. மூலையில் பழுப்பு நூலில் ஒரு அணில். முதுகில் நாலு கோடு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கும்போது பக்கத்து வீட்டு அம்மணி அக்கா ராமர் கதை சொன்னாள். நான் ஓடி வந்து, நீ தப்பாகத் தைத்திருக்கிறாய், அணிலுக்கு மூணு கோடுதான் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். “மூணு சாமி போட்டதுடி. நாலாவது நான் போட்டது” என்றாள்.

என் அம்மா பெயர் சாராள். எங்கள் சபையில் பெண்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயரைச் சேர்ப்பார்கள். திருமதி சாராள் வேதசிரோமணி. சுருக்கினால் சா. வேதசிரோமணி. நீங்கள் இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு அப்பனைத் தேடி நாகர்கோவில் வரை போனீர்கள். நானும்தான் முட்டாள். நம் இரண்டு பேருக்கும் அது ஒரு பொம்பளையாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. வேலையைப் பிடித்தது அவராம், ஓடுகிற படத்துக்கு வரைய வராததால் ‘சும்மா அவகிட்ட குடுத்தேன்’ என்றார். முழுப் பெயர் போடக் கூடாது என்றது யார் என்றேன். “அவ பேரு முழுசா எதுக்கு? எம் பேருதான் இருக்குதே, போதாதா?” என்றார். அந்த ஸ்டுடியோக்காரர்கள் அடுத்த படத்துக்கும் அம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பினார்களாம். அப்பா முடியாது என்று சொல்லி, அடியில் பல்பு வைத்து அவள் வரைந்த கண்ணாடிப் பலகையைப் பிரித்து, அளவு பார்த்து வெட்டி, தன் கட்டில் பக்கத்து ஜன்னலுக்குப் போட்டுவிட்டார். வெயில் வருகிறது, குளிர் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நான் தெருவைப் பார்த்து வளர்ந்தேன்.

தகட்டில் அப்பா பெயர் வேண்டாம். ‘சாராள்’ என்று முழுசாக வேண்டும். வருகிற மாநாட்டில் அதே அமர்வு, அதே மேடை. அப்பாவை நான் அழைத்து வருகிறேன். இந்தத் தடவை கேள்வி கேட்கப்போவது நான். எனக்கு ஒரு நாற்காலியும் மைக்கும் போடுங்கள்.

ஞானஜோதி

•

உ

குரோம்பேட்டை
16.8.1993

டீச்சருக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உங்கள் அம்மா விஷயம் மனசைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை.

வேண்டாம் டீச்சர். பெரியவர் இருக்கப்போவது இன்னும் எத்தனை நாள்? பெற்ற மகளே சபையில் நிறுத்திக் கேட்டால் சந்தி சிரிக்கும். நான் கேட்டது வேறு, நான் அந்நியன். நீங்கள் கேட்பது வேறு. அம்மாவே பொறுத்துக்கொண்டு போய்விட்ட விஷயத்தை நாம் எதற்குக் கிளற வேண்டும்?

சாமுவேல் வேதசிரோமணி பற்றிய என் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்பதால் சொல்வதாக நினைக்காதீர்கள்.

அரிகிருஷ்ணன்

•

இரும்புலியூர்
19.8.1993

அரி சார்,

சரித்திரத்துக்கு வயசு பார்க்கத் தெரியாது. நீங்கள் எழுதினதுதான்.

நாற்காலி போடுங்கள்.

ஞானஜோதி

•

உ

குரோம்பேட்டை
18.1.1994

அன்புள்ள டீச்சருக்கு,

ஞாயிற்றுக்கிழமை அமர்வு முடிந்ததும் நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். நம் மன்ற சரித்திரத்திலேயே இப்படி ஒரு அமர்வு நடந்ததில்லை. காலையில் ராட்டினம் பற்றிப் பேசிய பேராசிரியருக்கு ஆளே இல்லை, எல்லாரும் உங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? நீங்கள் அந்தத் தலையணை உறையைத் தூக்கிக் காட்டி, “ஐயா, இந்த அணிலை வரைஞ்சது யாரு, பேரைச் சொல்லுங்க” என்று கேட்டபோது பெரியவர் விழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் நாற்பது வருஷ வாத்தியார் இல்லையா? மைக்கை வாங்கினார். “அவதான் வரைஞ்சா. நான் வேற அவ வேறயா? எம் பேரை அவ சுமந்தா, அவ வேலையை நான் சுமந்தேன்” என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்குக் கைதட்டல் ஓயவில்லை. முதலாளி வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போன வருஷம் “இன்னா பெருசு” என்று கத்தின அதே ஆள் மேடையேறி அவர் காலில் விழுந்தான். நீங்கள் மறுபடி, பேரைச் சொல்லுங்க என்று இரண்டு முறை கேட்டீர்கள். கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. மைக்கை அணைத்தது நானில்லை, சவுண்டு சர்வீஸ் பையன்.

முதலாளி உருகிவிட்டார். தகட்டு வாசகத்தை அவரே சொன்னார்:

‘சித்திரம்: ஞா. வேதசிரோமணி மற்றும் துணைவியார்.’

இரண்டு பேருக்கும் கௌரவம். நீங்கள் முதலில் கேட்டதும் இதுதானே, அப்பா பெயர்? என் புத்தகத்தை அச்சிலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.

அரிகிருஷ்ணன்

•

இரும்புலியூர்
25.4.1994

திரு. அரிகிருஷ்ணனுக்கு,

குதூகலபுரிக்குப் போயிருந்தேன். தனியாக. வாசலிலேயே வைத்திருக்கிறீர்கள், ஆள் உயரத்துக்கு. குழந்தைகள் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

தகட்டில் என் அம்மாவுக்குப் பெயர் இல்லை. திரையில் ‘சா’ என்று ஒரு எழுத்தாவது இருந்தது. உங்கள் முதலாளி உருகி அதையும் எடுத்துவிட்டார்.

இது போகட்டும். அணிலைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தேன். மூன்று கோடு. சிற்பி அப்பா வரைந்த படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறான். அப்பாவைக் கெஞ்சி, மிரட்டி வரைய வைத்து, அட்டை வைத்து மடிக்காமல் உங்களுக்கு அனுப்பினது நான். அம்மாவுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு கோடுதான். அதையும் என் கையாலேயே அழித்திருக்கிறேன். வாசலில் நின்று அழுதேன், கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டதா என்று ஒரு அம்மா கேட்டாள்.

சண்டை போடவில்லை. கேட்கிறேன். ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வெள்ளை பெயிண்டில் ஒரே ஒரு கோடு. தகடுகூட அப்படியே இருக்கட்டும்.

ஞானஜோதி

•

உ

குரோம்பேட்டை
12.9.1994

டீச்சருக்கு,

உங்கள் ஏப்ரல் கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். ராமர் போட்ட கோட்டை நாம் மாற்றினால் ஜனங்கள் குறை சொல்வார்கள், அணிலுக்கு மூணுதான் என்று சொல்லிவிட்டார். நியாயம்தானே. நாலு கோடு போட்டால் வருகிறவர்கள் எல்லாம் தப்பு தப்பு என்பார்கள். சரித்திரம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர். இரண்டு பேருக்காகப் பூங்கா நடத்த முடியாது.

இன்னொரு விஷயம். போன மாதம் யாரோ சிலை முதுகில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டர்பெண்டைன் போட்டுத் துடைக்கச் சொன்னேன். போன வாரம் மறுபடியும். கண்ணாடி போட்ட ஒரு பொம்பளை, கைப்பையில் பெயிண்ட் டப்பாவோடு வந்தாள் என்று வாட்ச்மேன் சவுரிமுத்து சொல்கிறான். அது யார் என்று நான் அவனிடம் கேட்கவில்லை, போலீஸிலும் சொல்லவில்லை. பழகின தோஷம். இனிமேல் நடந்தால் என் கையில் இல்லை.

வருகிற மாநாட்டில் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்த முடிவாகியிருக்கிறது. நீங்களே அழைத்து வந்தால் மரியாதையாக இருக்கும்.

அரிகிருஷ்ணன்

•

இரும்புலியூர்
7.11.1994

அரி சார்,

உங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதைக் கவரில் போடாமல் இன்லாண்டில் எழுதி, ஒட்டாமல் அனுப்புகிறேன்.

துடைத்துக்கொண்டே இருங்கள். டப்பாவில் பெயிண்ட் இருக்கிறது. தீர்ந்தால் தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்கும். போலீஸ் வரட்டும், என் பெயரைக் கேட்பார்கள் இல்லையா, முழுசாகச் சொல்கிறேன். சாராள் மகள் ஞானஜோதி.

மாநாட்டுக்கு அப்பா வரமாட்டார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. காரணம் கேட்பீர்கள். அந்த ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஆணியை எல்லாம் நெம்பி, ஒரு கீறல் விழாமல் எடுத்தேன். துடைத்து என் மேஜை மேல் வைத்து, அடியில் பல்பு போட்டிருக்கிறேன். எனக்கு வரைய வராது. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

இங்கே நாலு நாளாக அடைமழை. சாரல் நேராகக் கட்டில் மேல்தான் அடிக்கிறது. டாக்டர் கட்டிலை நகர்த்தச் சொன்னார். நேற்று ராத்திரி அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஜோதி, குளிருது, அந்த ஜன்னலை எதையாவது வெச்சு மூடேன் என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் போய் நின்றேன்.

“ஐயா, உங்க இனிஷியல் என்ன?” என்று கேட்டேன்.

ஞானஜோதி